கார் தயார், டாக்சி ஓடவில்லை!

ஸ்ரீபெரும்புதூருக்கு இரண்டு விதமான யாத்திரிகர்கள் வருகிறார்கள். ராமானுஜர் அவதரித்த தலம் என்று சேவிக்க வருகிறவர் ஒருவர். கொரியாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் விமானம் ஏறி, இருங்காட்டுக்கோட்டைக்கும் ஒரகடத்துக்கும் தொழிற்சாலை வேலையாக வருகிற என்ஜினீயர் மற்றொருவர்.

என்ஜினீயருக்கு மீனம்பாக்கத்திலிருந்து டாக்சி வேண்டும். தங்க ஓட்டல் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் மாமல்லபுரம் பார்க்க வேண்டும். டிரைவர், சமையல்காரர், துணி வெளுப்பவர், அறை கூட்டும் பெண் என்று எத்தனையோ பேருக்கு இதில்தான் சோறு.

2020 மார்ச்சில் கொரோனா வந்தது. 23-ந்தேதி முதல் வெளிநாட்டு விமானங்கள் நிறுத்தப்பட்டன. 25-ந்தேதி ஊரடங்கு. சித்திரைத் திருவாதிரை உற்சவத்துக்குப் பக்தர்கள் இல்லை. பூ தொடுத்தவர் யாருக்கு விற்பார்?

மே 8-ந்தேதி ஹூண்டாய் தொழிற்சாலை மறுபடி ஓடியது. முதல் நாளே 200 கார்கள் தயாராயின. "இனிக் கவலை இல்லை" என்று பலர் நினைத்தார்கள். ஆனால் அந்தக் காரைச் செய்யும் ஊரில் டாக்சிக்குச் சவாரி இல்லை! வழக்கமான வெளிநாட்டு விமானங்கள் 2022 மார்ச் 27-ந்தேதிதான் திரும்பின. முழுதாக இரண்டு வருடம்!

2019-ல் இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 1 கோடியே 9 லட்சம். 2020-ல் 27 லட்சம். 2021-ல் 15 லட்சம்.

டாக்சிக் கடனுக்கு 6 மாதம் தவணை கேட்கவில்லை. உண்மைதான். ஆனால் வட்டி தூங்குமா? அது ஓடிக்கொண்டே இருந்தது. வட்டிக்கு வட்டியை மட்டும் சர்க்கார் ஏற்றது.

2021 ஜூனில் மத்திய சர்க்கார் சுற்றுலாத் தொழிலுக்குக் கடன் உதவி அறிவித்தது. பயணக் கம்பெனிக்கு 10 லட்சம் வரை. வழிகாட்டிக்கு 1 லட்சம் வரை. சர்க்காரே ஜாமீன். நல்ல காரியம். ஆனால் அங்கீகாரம் பெற்றவருக்குத்தான் அது. அறை கூட்டும் பெண்ணுக்கு ஏது அங்கீகாரம்? அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது, மாநில சர்க்கார் ரேஷன் கார்டுக்குக் கொடுத்த பணத்திலும் அரிசியிலும்தான். 2020-ல் 1,000 ரூபாய்; 2021-ல் 4,000 ரூபாய். இரண்டு வருடத்துக்கு அது எம்மட்டு?

தமிழ்நாட்டில் அமைப்புசாராத் தொழிலாளருக்கு நல வாரியங்கள் இருக்கின்றன. ஓட்டுநர்களுக்குத் தனி வாரியமே உண்டு. பெயர் பதிந்தவர் கணக்கில் இருப்பார். பதியாதவரை ஆபத்துக் காலத்தில் எந்த ஆபீசர் தேடுவார்? மனு எழுத நேரம் இல்லாத அவர்களைத் தேடி, வாரிய அதிகாரிகளே வர வேண்டும். ஒரகடம் கூட்டு ரோட்டில் மாதம் ஒரு நாள் மேஜை போட்டு உட்காரட்டும். டிரைவர்கள் சவாரிக்குக் காத்திருக்கும் பகல் வேளையாக அது இருக்கட்டும்.