சொல் வளமும் தேர்வு வாயிலும்

மேல்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பயில விழையும் எமது இளைஞர்க்கு ஆங்கில மொழித்திறன் தேர்வுகள் இன்று தவிர்க்கவியலாத வாயிலாக அமைந்துவிட்டன. ஐ.ஈ.எல்.ரி.எஸ். என்னும் தேர்வின் பெயரை அறியாத உயர்தர வகுப்பு மாணவர் மட்டக்களப்பு நகரிற் சிலரே இருத்தல் கூடும். இத்தேர்வுக்கு ஆயத்தஞ் செய்வோர் பலர், அருஞ்சொற்கள் ஆயிரத்தை வரிசையாக எழுதி வைத்து, நாளொன்றுக்கு முப்பது, நாற்பது என மனனஞ் செய்கின்றனர். அவ்வுழைப்பை நாம் போற்றுகின்றோம். எனினும், அவ்வுழைப்பிற்கேற்ற பயன் விளைகின்றதா என ஆராய்தல் ஆசிரிய உலகின் கடனாகும்.

தேர்வு எதனை வேண்டுகின்றது என்பதை முதலில் நோக்குவோம். கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் ஆகிய நான்கு திறன்களும் அதிற் சோதிக்கப்படுகின்றன. எழுத்துக்கும் பேச்சுக்கும் புள்ளியிடும்போது நான்கு அளவுகோல்கள் கைக்கொள்ளப்படுகின்றன. அவற்றுள் ஒன்று சொல்வளம். நான்கும் சமநிறையுடையனவாதலின், காற்பங்கு மதிப்பு சொல்வளத்திற்கு உரியது. ஆனால் சொல்வளம் என அவர்கள் கருதுவது அருஞ்சொற்களின் எண்ணிக்கையை அன்று. சொல் பொருளுக்குப் பொருந்தியதா, இடத்திற்கு ஏற்றதா, தன்னோடு சேரத்தக்க சொல்லோடு சேர்ந்து நிற்கின்றதா என்பனவே நோக்கப்படுகின்றன. இடமறியாது வைத்த அருஞ்சொல் புள்ளியை உயர்த்துவதில்லை, குறைப்பதும் உண்டு.

இவ்வுண்மை தமிழ் மாணவர்க்குப் புதியதன்று. சோறு உண்கிறோம், நீர் பருகுகிறோம், வெற்றிலை தின்கிறோம். மழை பெய்கிறது என்கிறோமே யன்றி விழுகிறது என்பதில்லை. ஆங்கிலத்திலும் இவ்வாறே ‘ஹெவி’ என்னுஞ் சொல் மழையோடு சேரும். வலிமையைக் குறிக்கும் ‘ஸ்ட்ரோங்’ சேராது. ‘ஸ்ட்ரோங்’ காற்றுக்கும் தேநீருக்கும் உரியது. இரண்டு சொற்களின் பொருளையும் பட்டியலிற் படித்த மாணவன் இவ்வேறுபாட்டை அறியான். பத்து நல்ல கட்டுரைகளை வாசித்தவன் தன்னையறியாமலே அறிந்திருப்பான்.

மனனமே தீதென்று நாம் கூறவில்லை. திவாகரத்தையும் பிங்கலத்தையும் சூடாமணி நிகண்டையும் நெட்டுருச் செய்த மரபு எம்முடையது. ஆயின், நிகண்டு கற்ற மாணவன் அதனோடு நின்றானல்லன். நீதி நூல்களும் காவியங்களும் உடன் பயின்றான். நிகண்டிற் கண்ட சொல்லைச் செய்யுளிற் சந்தித்தபோது அது அவனுக்கு உரிமையாயிற்று. இக்காலத்தார் நிகண்டின் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு மறுபாதியை மறந்தனர்.

எமது கூத்துக் களரியே இதற்குத் தக்க வழிகாட்டி. அண்ணாவியார் ஆட்டக்காரர்க்கு முதலிற் சட்டம் கொடுக்கின்றார். அவரவர் பாட்டை அவரவர் மனனஞ் செய்கின்றனர். பின்னர்ப் பல இரவுகள் களரியில் ஆடிப் பழகுகின்றனர். சதங்கை அணிகின்றனர், அடுக்குப் பார்க்கின்றனர், அதன் பின்னரே அரங்கேற்றம். சட்டம் கொடுத்த மறுநாளே அரங்கேற்றத் துணிந்த அண்ணாவியார் எவருமிலர். சொல்லும் அவ்வாறே. குறித்துக்கொண்ட சொல்லைச் சில நாள் இடையிட்டு மீண்டும் மீண்டும் நினைவு கூர்தல், வாசிப்பில் இனங்காணுதல், சொந்த வாக்கியத்தில் அமைத்தல், ஆசிரியரிடம் காட்டித் திருத்தம் பெறுதல் ஆகிய படிகளைக் கடந்த பின்னரே அதனைத் தேர்வுத்தாளில் ஏற்றுதல் முறை.

எச்சொற்களைக் கற்பது என்பது அடுத்த வினா. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிற் பணிபுரிந்த மைக்கேல் வெஸ்ட், வங்க மாணவர்களின் இடர்ப்பாட்டைக் கண்டு இத்துறையில் உழைத்தவர். மிகுதியாக வழங்கும் ஏறத்தாழ 2,000 சொற்களின் பட்டியலை அவர் 1953இல் வெளியிட்டார். நியூசிலாந்தின் அவரில் கொக்ஸ்ஹெட் என்னும் அறிஞர் 2000ஆம் ஆண்டில், கல்வித்துறை நூல்களில் அடிக்கடி வருகின்ற 570 சொற்குடும்பங்களைத் தொகுத்தார். கல்விசார் உரைநடையில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு இச்சொற்களால் ஆயது. எனவே, முதல் 2,000 சொற்களில் உறுதி பெற்று, அதன்மேல் இந்த 570 குடும்பங்களையும் வசப்படுத்திய மாணவன், எவருங் காணாத அருஞ்சொற்களைத் தேடித் திரிபவனைவிடப் பன்மடங்கு முன்னேறியவனாவான்.

குடும்பம் என்ற சொல்லை உற்று நோக்குக. தொல்காப்பியர் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நால்வகைப்படுத்தினார். ஆங்கிலத்திலும் வீட்டு வழக்கிற்குரிய பழஞ்சொற்கள் ஒருபுறமும், இலத்தீனிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் வந்த கல்விச் சொற்கள் மறுபுறமும் நிற்கின்றன. எமது கட்டுமரத்தையும் சுருட்டையுங்கூடத் திசைச்சொற்களாக அம்மொழி ஏற்றுக்கொண்டது. கல்விச் சொற்கள் பெரும்பாலும் வேர்வழிக் கிளைத்தவை. சுமத்தல் என்னும் பொருளுடைய ‘போர்ட்’ என்ற இலத்தீன் வேரிலிருந்தே ஏற்றுமதியைக் குறிக்கும் ‘எக்ஸ்போர்ட்’, இறக்குமதியைக் குறிக்கும் ‘இம்போர்ட்’, போக்குவரத்தைக் குறிக்கும் ‘ட்ரான்ஸ்போர்ட்’ ஆகியன தோன்றின. பகுதி, விகுதி, இடைநிலை எனப் பகுபதம் பிரித்துப் பழகிய தமிழ் மாணவனுக்கு இது கடினமாகுமோ? நன்னூல் கற்பிக்கும் தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒருமுறை கலந்து பேசினால், மாணவரின் பெருஞ்சுமை குறையும்.

தமிழைக் கைவிட்டாலன்றி ஆங்கிலம் வாராது என்று எண்ணும் பெற்றோர்க்கு, இம்மண்ணின் மைந்தர் விபுலாநந்த அடிகளின் வாழ்க்கையே விடையாகும். காரைதீவிற் பிறந்து மட்டக்களப்பு நகரில் ஆங்கிலக் கல்வி பெற்ற அவர், 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதரானார். பின்னர் லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். செகசிற்பியாரின் நாடகங்களை ‘மதங்க சூளாமணி’ வாயிலாகத் தமிழர்க்கு அறிமுகஞ் செய்தவரும், ‘பிரபுத்த பாரதம்’ என்னும் ஆங்கிலத் திங்களிதழை இமயச் சாரலிலிருந்து நடத்தியவரும் அவரே. 1938இல் சென்னையில் வெளிவந்த கலைச்சொற் தொகுதிக்கான அறிஞர் குழுவிற்குத் தலைமை தாங்கியவரும் அவரே. ஓர் ஆங்கிலச் சொல்லின் பொருளைத் தமிழில் வரையறுக்க முயல்பவன் அச்சொல்லின் எல்லையை நன்கறிகின்றான். தாய்மொழியில் ஒரு பொருளைத் தெளிவாக வாதிக்க இயலாதவனுக்கு அயன்மொழிச் சொற்கள் ஆயிரம் இருந்தும் பயனென்ன?

இனி, எமது உள்ளத்தை வருத்தும் செய்தி ஒன்றுண்டு. எழுவான்கரையில் தனியார் வகுப்புகளும் நூலகங்களும் எட்டுந் தூரத்தில் உள்ளன. படுவான்கரையின் வயற்கிராமங்களில் உள்ள பிள்ளைக்கு இவை எளிதாகக் கிட்டுவதில்லை. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. ஓடத்திற்குக் காத்திருந்த துன்பம் அவ்விடத்தில் நீங்கிற்று. ஆயின், நூல்கள் அப்பாலத்தைப் போதிய அளவிற் கடந்தனவா? 1945இல் இலவசக் கல்வி அளித்த நாட்டில், ஆங்கிலச் சொல்வளம் பணமுடையார் விலைகொடுத்து வாங்கும் பண்டமாவது முறையன்று.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. ஒவ்வொரு பாடசாலையிலும் எளிய ஆங்கில நூல்கள் ஐம்பது கொண்ட அலுமாரி ஒன்று. வாரத்திற்கு ஒரு பாடவேளை மௌன வாசிப்பு. ஒவ்வொரு மாணவனுக்கும் தன் கையால் எழுதும் சொற்குறிப்பேடு. அதில் சொல்லோடு அது நின்ற வாக்கியமும் தமிழ்ப் பொருளும் சொந்த வாக்கியமும். வகுப்பேறும்போது குறிப்பேடும் உடனேறட்டும். ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்கள் வாரத்தில் ஒரு மாலையையேனும் அயற்கிராமப் பாடசாலைக்கு ஈவார்களாயின் அதனினும் சிறந்த கொடை வேறில்லை.

தேர்வு ஒருநாளில் முடிந்துவிடும். வாசிப்பினாற் பெற்ற சொல்லோ, அவன் எந்நாட்டிற்குச் சென்றாலும், இவ்வாவிக் கரையிலேயே வாழ்ந்தாலும், வாழ்நாள் முழுதும் உடனிருக்கும். அச்செல்வம் இரு கரைப் பிள்ளைகளுக்கும் ஒப்பக் கிடைக்க ஆசிரியர்கள் முன்வருவார்களாக.