சொல்வது வேறு, கட்டுவது வேறு

தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப்பள்ளித் தலைமை ஆசிரியர். முப்பத்தைந்து ஆண்டு பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். மாதந்தோறும் பென்சன் வருகிறது. மனைவி காலமாகிவிட்டார். அமெரிக்காவில் நியூஜெர்சியில் இருக்கும் மகள், "அப்பா, நீங்கள் தனியாக இருக்கவேண்டாம்" என்று தன்னிடம் அழைத்துக்கொண்டாள். மகள் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றவள். ஆகவே தந்தைக்கும் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி கிடைத்தது. அதைத்தான் "கிரீன் கார்டு" என்கிறார்கள்.

இப்படிப்பட்ட குடும்பங்கள் இன்று தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் உண்டு.

பென்சன் வழக்கம்போல் ஊர்ப் பாங்கியில் சேருகிறது. டெபாசிட்டுக்கு வட்டியும் சேருகிறது. அதிலிருந்து ஒரு காசுகூட அமெரிக்காவுக்கு வரவில்லை. "அது இந்தியப் பணம். அமெரிக்க சர்க்காருக்கு அதில் என்ன வேலை?" என்று பெரியவர் நினைக்கிறார். மகளும் அப்படியே நினைக்கிறாள்.

நினைப்பதில் தப்பு இல்லை. ஆனால் சட்டம் அப்படி நினைக்கவில்லை.

கிரீன் கார்டு வாங்கியவர், வரிக் கணக்கில் அமெரிக்காவில் வசிப்பவர் ஆகிவிடுகிறார். அங்கே வசிப்பவருக்கு உலகத்தில் எந்த மூலையில் வருமானம் வந்தாலும் அதைக் கணக்கில் காட்டவேண்டும். பென்சனும் வருமானம். டெபாசிட் வட்டியும் வருமானம். வீட்டு வாடகையும் வருமானம்.

இரண்டு நாட்டிலும் வரியா?

"இந்தியாவிலும் வரி, அங்கேயும் வரியா? இது என்ன நியாயம்?" என்று கேட்கலாம். இதற்காகவே இந்தியாவும் அமெரிக்காவும் 1989-ம் ஆண்டில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஒரே வருமானத்துக்கு இரண்டு முறை வரிச்சுமை விழக்கூடாது என்பது அதன் நோக்கம்.

மத்திய அரசோ மாநில அரசோ கொடுக்கும் பென்சனுக்கு இந்தியாவில்தான் வரி என்பது அந்த ஒப்பந்தத்தின் பொது விதி. ஆனால் கிரீன் கார்டு வாங்கியவர் இந்த விதியைக் காட்டி அமெரிக்காவில் விலக்குக் கேட்க முடியாது. அவர் அங்கேயும் கணக்குக் காட்டவேண்டும். இந்தியாவில் அந்தப் பென்சனுக்குக் கட்டிய வரியை அமெரிக்க வரியில் விதிப்படி கழித்துக்கொள்ளலாம். தனியார் கம்பெனியில் வேலை பார்த்துப் பென்சன் வாங்குகிறவருக்கு விதி வேறு. அதற்கு அவர் வசிக்கும் நாட்டில் மட்டுமே வரி.

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தியாவில் வரி ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. அமெரிக்காவில் ஜனவரி முதல் டிசம்பர் வரை. ஆகவே ஊரிலிருந்து வரும் ஆண்டுச் சீட்டை அப்படியே எழுதிக்கொடுத்தால் கணக்கு உதைக்கும். மாத வாரியாகக் குறித்து வைப்பதே நல்லது.

பென்சன் சிறிய தொகையானால், கழிவுகள் போக வரியே வராமல் போகலாம். வேறு வருமானம் இல்லாவிட்டால், கணக்குத் தாக்கல் செய்யும் கட்டாயம்கூட வராமல் போகலாம். இந்த இடத்தில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

பாங்கிக் கணக்கு தனிச் சங்கதி

வரி வேறு, பாங்கிக் கணக்கு அறிக்கை வேறு. வெளிநாட்டில் உள்ள எல்லாக் கணக்குகளையும் சேர்த்து, ஆண்டில் ஒரே ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால், அதை அமெரிக்க நிதி இலாகாவுக்குத் தனியாக எழுதித் தெரிவிக்கவேண்டும். 10,000 டாலர் என்பது இன்றைய மதிப்பில் 8, 9 லட்சம் ரூபாய். ஓய்வு பெறும்போது வந்த பணத்தை டெபாசிட் போட்டவருக்கு இந்தத் தொகை சுலபமாகத் தாண்டிவிடும்.

இந்த அறிக்கைக்குக் கட்டணம் இல்லை. வரியும் இல்லை. ஏப்ரல் 15 கெடு. தவறினால் அக்டோபர் 15 வரை தானாகவே தவணை உண்டு. கொடுக்காமல் விட்டால் மட்டும் அபராதம்.

மகளுக்கும் இதில் பங்கு உண்டு. வயதான காலத்தில் உதவியாக இருக்கட்டும் என்று டெபாசிட்டில் பிள்ளைகள் பெயரையும் சேர்ப்பது நம் ஊர் வழக்கம். "அப்பா பணம்தானே!" என்று மகள் இருந்துவிடக்கூடாது. கூட்டுக் கணக்கில் பெயர் இருந்தால் அவளும் அதன் முழுத் தொகையைக் காட்டவேண்டும்.

"யாருக்குத் தெரியப்போகிறது?" என்ற பேச்சு இனிச் செல்லாது. அமெரிக்கா 2010-ல் ஒரு சட்டம் போட்டது. இந்தியா 2015 ஜூலை 9-ந் தேதி அதற்கான உடன்பாட்டில் கையெழுத்துப் போட்டது. அதன்படி, அமெரிக்காவில் வரி கட்டுவோரின் கணக்கு விவரம் இந்தியப் பாங்கிகளிலிருந்து வருமான வரி இலாகா வழியாக அமெரிக்காவுக்குப் போகிறது.

272 கணக்குகள்

அலெக்சாண்ட்ரு பிட்னர் என்ற வியாபாரியின் வழக்கு ஒரு பாடம். ருமேனியாவில் பிறந்தவர். அமெரிக்கா சென்று குடியுரிமை பெற்று, 1990-ல் பிறந்த நாட்டுக்கே திரும்பினார். அறிக்கை கொடுக்கவேண்டும் என்பது தமக்குத் தெரியாது என்றார். ஐந்து ஆண்டுகளுக்கும் சேர்த்து 272 கணக்குகள்; கணக்குக்கு 10,000 டாலர்; மொத்தம் 27 லட்சத்து 20 ஆயிரம் டாலர் அபராதம் என்றது அரசு. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 2023 பிப்ரவரி 28-ந் தேதி தீர்ப்பு வந்தது. வேண்டுமென்று மறைக்காதவருக்கு அபராதம் கணக்குக்கு இவ்வளவு என்று அல்ல, ஓர் ஆண்டு அறிக்கைக்கு இவ்வளவு என்று நீதிபதிகள் ஐவர் சொன்னார்கள். நால்வர் ஒப்பவில்லை. அபராதம் 50 ஆயிரம் டாலராகக் குறைந்தது.

குறைந்தது, ஆனால் மறையவில்லை. "தெரியாது" என்ற சொல்லுக்கு அவ்வளவுதான் மதிப்பு.

ஊர் திரும்பினாலும் கடமை தீராது. அமெரிக்கக் குடிமகன் மதுரையில் வந்து குடியிருந்தாலும் அமெரிக்காவுக்குக் கணக்குக் காட்டவேண்டும். கிரீன் கார்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டால் போதாது, முறைப்படி ஒப்படைக்கவேண்டும்.

இதுவரை சொல்லாதவர்கள் பயந்து ஒளியவேண்டியதில்லை. வேண்டுமென்று மறைக்காதவர்கள், வரி இலாகா தேடி வருமுன் தாமாக முன்வந்து, மூன்று ஆண்டு வரிக் கணக்கும் ஆறு ஆண்டு பாங்கி அறிக்கையும் கொடுத்துச் சரிசெய்துகொள்ள அங்கே வழி உண்டு. இரு நாட்டுச் சட்டமும் தெரிந்த கணக்காளரிடம் போவது நல்லது.

அரசுகளுக்கும் கடமை உண்டு. பென்சன்காரர் உயிரோடு இருக்கிறாரா என்று ஆண்டுதோறும் சான்று கேட்கிறார்கள். அப்போதே, வெளிநாட்டில் வசிப்போருக்கு இந்த விவரங்களை எளிய தமிழில் ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுத்தால் என்ன? கிரீன் கார்டு கொடுக்கும் நாடும் அதனுடன் இந்தச் சட்டத்தை அவரவர் மொழியில் சொல்லலாம். வாழ்நாள் முழுவதும் ஒழுங்காக வாழ்ந்தவர், எழுபது வயதில் தெரியாத சட்டத்தால் குற்றவாளி ஆகக்கூடாது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடவேண்டும் என்பார்கள். கடலுக்கு அப்பால் இருக்கும் பணத்துக்கும் அதுவே பொருந்தும். கட்டவேண்டியது ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டால், பெரியவர் பேரக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம்.