விமானத்தின் மீதி வாழ்க்கைக்கும் வண்ணம் வேண்டும்

அமெரிக்காவின் காலிங்ஸ் அறக்கட்டளை, இரண்டாம் உலகப்போர்க் கால பி-24 லிபரேட்டர் குண்டுவீச்சு விமானம் ஒன்றைப் புதுப்பித்து 1989-ல் மறுபடி பறக்கவிட்டது. அப்போது அதன் மூக்கில் எழுதியிருந்த பெயர் 'ஆல் அமெரிக்கன்'. 1998-ல் அதை எடுத்துவிட்டு 'டிராகன் அண்ட் ஹிஸ் டெய்ல்' என்று எழுதினார்கள். 2005-ல் அதுவும் போய் 'விட்ச்கிராஃப்ட்' வந்தது. மூன்றுமே போரில் பேர்வாங்கிய வேறு விமானங்களின் வேஷம். இதன் சொந்தக் கதையோ கான்பூர் வழியாகப் போகிறது. பிரிட்டிஷ் விமானப்படையில் இருந்து, போர் முடிந்ததும் கான்பூரில் கைவிடப்பட்டு, இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தால் மீட்கப்பட்டு, 1968 வரை இந்திய விமானப்படையில் உழைத்த விமானம் இது. சண்டையில் இருந்த காலத்தைப்போலப் பல மடங்கு நம்மிடம் இருந்திருக்கிறது. அந்தக் காலத்துக்கு மட்டும் வண்ணம் இல்லை.

கோவை கணபதியில் கார் பெயின்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். பகலில் இடிபட்ட கதவுக்குக் கலர் மேட்சிங். ராத்திரியில் கம்ப்யூட்டரில் ஃப்ளைட் சிமுலேட்டர். சிமுலேட்டரில் வரும் பழைய போர் விமானங்களுக்குச் சரித்திரத்தில் இருந்த வண்ணங்களைப் புதிதாகப் பூசி மற்றவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கும் பழக்கம் உலகம் முழுக்க உண்டு. ரீபெயின்ட் என்பார்கள். நானும் அதைச் செய்கிறவன். என் கூட்டத்தாரிடம் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது: விமானம் சண்டை போட்ட நாளை மட்டும் வரைந்துகொண்டிருந்தது போதும், அது பிழைத்துக் கிடந்த வருஷங்களையும் வரையுங்கள்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது குழந்தைகளின் வண்ணப் புத்தகம்போலத் தெரியலாம். விமானத்தின் தோலை உரித்துத் தட்டையாக விரித்ததுபோல ஒரு படம் வரும். இறக்கை ஒரு மூலையில், வால் இன்னொரு மூலையில். அதன் மேல்தான் நிறம், எண், சின்னம், அழுக்கு எல்லாம். ரிவெட்டின் மேடு பள்ளத்துக்குத் தனிப் படம், எந்த இடம் மங்கல், எந்த இடம் பளபளப்பு என்று சொல்லத் தனிப் படம். புகைபோக்கிக்குப் பின்னால் கரி எவ்வளவு தூரம் ஓடும், மெக்கானிக் ஏறி இறங்கும் இடத்தில் பெயின்ட் எப்படித் தேயும் என்றெல்லாம் யோசிக்க வேண்டும்.

பெரிய சிக்கல் கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள். அன்று புழங்கிய ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பும் மஞ்சளும் கறுத்து விழும், நீலம் வெளுத்துப்போகும். பிரிட்டிஷ் விமானத்தின் வட்டச் சின்னத்தைச் சுற்றியிருந்த மஞ்சள் வளையம் சில படங்களில் கறுப்பாகத் தெரிவது இதனால்தான். ஃபிலிம் எதுவென்று தெரியாமல் நிறத்தைத் தீர்மானித்தால் வேலை மொத்தமும் வீண்.

அந்த வட்டச் சின்னத்திலேயே ஒரு சரித்திரம் இருக்கிறது. இந்தியா பக்கம் பறந்த பிரிட்டிஷ் விமானத்தின் ரீபெயின்ட்டைப் பார்த்தால், 'சிவப்பு எங்கே, மறந்துவிட்டீர்களா?' என்று அடிக்கடி கேட்பார்கள். ஜப்பானிய விமானங்களின் அடையாளம் சிவப்பு வட்டம். தூரத்தில் சிவப்பைக் கண்டதும் சொந்த ஆட்களையே சுட்டுவிடக்கூடாது என்று 1942-ல் இந்தியா, பர்மா பக்கம் இருந்த பிரிட்டிஷ் விமானங்களில் சிவப்பை மறைத்தார்கள். அமெரிக்கர்களும் அதே ஆண்டு மே மாதம் தங்கள் நட்சத்திரத்தின் நடுவிலிருந்த சிவப்புப் பொட்டை நீக்கினார்கள். கடைசியில் இந்தப் பகுதிக்கென்று கருநீலமும் வெளிர்நீலமும் மட்டுமே உள்ள வட்டம் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு கொஞ்ச காலம் அசோகச் சக்கரம். குடியரசானதும் காவி, வெள்ளை, பச்சை. இந்தியாவில் தங்கிய ஒரே விமானம் சில ஆண்டுகளுக்குள் இப்படி அடுத்தடுத்துச் சின்னம் மாற்றியிருக்க முடியும். சிமுலேட்டரில் தேடினால் கிடைப்பது பெரும்பாலும் முதல் அத்தியாயம்தான்.

லிபரேட்டருக்கு வருகிறேன். போர் முடிந்தபோது கான்பூரில் குவிந்துகிடந்த இந்த விமானங்கள் இனி பறக்கவே கூடாது என்று சேதப்படுத்தப்பட்டிருந்தன. அவற்றை ஓரளவு சரிசெய்து, இந்துஸ்தான் ஏர்கிராஃப்டின் சோதனை விமானி ஜம்ஷெட் முன்ஷி பெங்களூருவுக்கு ஓட்டிவந்தார். அங்கே முழுதாகப் புதுப்பிக்கப்பட்டவை 40-க்கும் மேல். 1948 முதல் அவை நம் விமானப்படையில் இருந்தன. பின்னாட்களில் கடலைக் கண்காணித்தன. இன்று உலக அருங்காட்சியகங்களில் நிற்கும் லிபரேட்டர்களில் பல இந்தியாவிலிருந்து போனவை. பிரிட்டனின் ராயல் விமானப்படை அருங்காட்சியகத்தில் இருப்பதும் இந்தியா கொடுத்ததுதான். நிற்பதோ பிரிட்டிஷ் வண்ணத்தில். பட்டறைக்கு வரும் பழைய காரின் கதவு ரப்பர் பீடிங்கை உரித்தால் முதல் பெயின்ட் எட்டிப்பார்க்கும். எத்தனை கை மாறியது என்று அங்கே தெரிந்துவிடும். இந்த விமானங்களுக்கு அந்த இடுக்குகூட விட்டுவைக்கப்படவில்லை.

அருங்காட்சியகத்தைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. நிஜ விமானம் ஒன்றுதான். ஒரு நேரத்தில் ஒரு வண்ணம்தான் அடிக்க முடியும். எந்த வண்ணம் என்பதில் பணம் கொடுப்பவரின் ஆசைக்கும் இடம் உண்டு. ஆனால் கம்ப்யூட்டரில் அந்தக் கட்டுப்பாடு கிடையாதே! ஒரே விமானத்துக்கு நூறு தோல் போடலாம். அந்த வசதி இருந்தும் நாம் செய்வது என்ன? சுறா வாய், மூக்கில் அழகி, நார்மண்டிக் கரையிறக்கத்தின் கறுப்பு வெள்ளைப் பட்டை. திரும்பத் திரும்ப அதேதான்.

'அதைத்தான் எல்லாரும் இறக்கிக்கொள்கிறார்கள்' என்பது ஒரு பதில். இருக்கட்டும். காசு வாங்காமல் செய்கிற வேலையிலும் கடைக்காரர்போலக் கணக்குப் பார்த்தால் எப்படி? 'ஆதாரம் கிடைக்காது' என்பது இன்னொரு பதில். இதில் நியாயம் இருக்கிறது. நார்மண்டி விமானத்துக்குப் புத்தகம் புத்தகமாக வண்ணப்படங்கள் இருக்கின்றன. 1950-களின் இந்திய லிபரேட்டருக்கு ஒரு தெளிவான படம் கிடைப்பதே அபூர்வம். அதற்காகக் கைவிட வேண்டியதில்லை. ரீபெயின்ட்டோடு ஒரு குறிப்பு வையுங்கள்: வால் எண் புகைப்படத்தில் பார்த்தது, பச்சை நிறம் என் ஊகம், வயிற்றுப்பக்கம் தெரியவில்லை என்று. ஊகத்தை ஊகம் என்று எழுதிவைத்தால் பிறகு வருபவர் திருத்துவார்.

எங்கே தொடங்கலாம் என்று கேட்டால், டகோட்டா என்பேன். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரின் நாற்பதாம் ஆண்டுப் பதிப்பிலேயே டிசி-3 இருக்கிறது. டகோட்டா அதன் ராணுவ வடிவம். 1947 அக்டோபர் 27-ல் சீக்கியப் படைப்பிரிவை ஸ்ரீநகரில் கொண்டுபோய் இறக்கியவை டகோட்டாக்கள். 2018-ல் பரசுராமா என்ற பெயரில் விமானப்படைக்கு வந்த பழைய டகோட்டாவுக்கு, அந்த நாளின் நினைவாக வி.பி. 905 என்ற எண்ணைச் சூட்டினார்கள். அதுவும் நல்ல ரீபெயின்ட்தான். ஆனால் அந்த ஒரு நாளோடு நிற்காமல், அசோகச் சக்கரம் தாங்கி அரிசி மூட்டையும் தபாலும் ஏற்றிப் பறந்த டகோட்டாவையும் யாராவது வரைய வேண்டும். சக்கரத்தின் 24 ஆரங்களும் சரியாக விழ வேண்டும்.

இதற்கு வாசகர்களின் தயவும் தேவை. போர்க்காலத்தில் கோவையிலேயே பிரிட்டிஷ் கடற்படையின் விமானப் பழுதுபார்ப்புத் தளம் 'கருடா' என்ற பெயரில் இயங்கியது. பிறகு சூலூர், தாம்பரம், ரெட்ஃபீல்ட்ஸ் என்று விமானப்படையில் வேலை பார்த்தவர்களின் குடும்பங்கள் தமிழ்நாடெங்கும் இருக்கின்றன. அப்பாவோ தாத்தாவோ சீருடையில் நிற்கும் படம் பீரோவில் இருந்தால் நல்ல வெளிச்சத்தில் ஸ்கேன் செய்துவையுங்கள். எந்த ஊர், எந்த வருஷம் என்பதை வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள். விமானம் முழுதாக விழுந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஆளுக்குப் பின்னால் வால் எண்ணில் இரண்டு எழுத்து தெரிந்தாலே எங்களுக்கு அது பெரிய ஆதாரம்.