லெஃப்ட் ஃபோர் டெட் 2 ஆரம்பிக்கிற தம்பிங்களுக்கும், முன்னால ஓடுற பழைய ஆளுங்களுக்கும்

கொஞ்சம் நீளமான பதிவு. வேலை நேரத்துல திறந்தவங்க சாயங்காலமா படிங்க.

நம்ம கோவில் இளைஞர் பகுதியில இப்போ ஆறேழு பேர் லெஃப்ட் ஃபோர் டெட் 2 வாங்கி வெச்சிருக்காங்க. ஸ்டீம்ல தள்ளுபடி போட்டப்ப வாங்கினது. பழைய கணினியிலயும் ஓடும், அதனால எல்லாருக்கும் வசதி. "எப்படி அங்கிள் ஆரம்பிக்கிறது?"ன்னு அன்னதானக் கூடத்துல காய் நறுக்குற இடத்துலயே கேட்கிறாங்க. வெங்காயத்துக்கு நடுவுல ஒவ்வொருத்தருக்கா சொல்றதைவிட ஒரே தடவையா எழுதிப் போட்டுடலாம்னு முடிவு பண்ணினோம். நாங்கன்னா, கூடத்தைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போனதும் சனிக்கிழமை ராத்திரி கணினி முன்னால உட்கார்ற நாலு பேர். எல்லாருக்கும் வயசு ஐம்பதுக்கு மேல. கண்ணாடி இல்லாம யாருக்கும் துப்பாக்கிக் குறி தெரியாது.

பெரியவங்க சிலருக்கு இது பிடிக்கலை. "கோவில்ல தொண்டு செய்றவங்க பிணத்தைச் சுடுற விளையாட்டு ஆடலாமா?"ன்னு கேட்டாங்க. கேட்க வேண்டிய கேள்விதான். ரத்தம் இருக்கு, கை கால் துண்டாகிறது இருக்கு. ஐரோப்பாவுல இதுக்கு 18 வயசுன்னு முத்திரை குத்தியிருக்காங்க, அமெரிக்காவுல 17. அதனால பள்ளிக்கூடம் போற பிள்ளைங்களை நாங்க சேர்க்கிறதில்லை. அண்ணன் விளையாடும்போது தம்பி பின்னால நின்னு பார்க்கிறதும் வேண்டாம். ஆனா வயசு வந்த பையன் ஏதோ ஒண்ணு விளையாடத்தான் போறான். தனியா கதவைச் சாத்திக்கிட்டு ஊர் பேர் தெரியாதவனைத் திட்டிக்கிட்டு விளையாடுறதைவிட, தெரிஞ்ச நாலு பேர் ஒருத்தரை ஒருத்தர் தூக்கிவிட்டு விளையாடுறது எவ்வளவோ மேல். இது எங்க கருத்து. ஒத்துக்காதவங்க கமெண்டுல மரியாதையா சொல்லுங்க.

விளையாட்டு என்னன்னு தெரியாதவங்களுக்கு: 2009ல வால்வ் கம்பெனி வெளியிட்டது. அமெரிக்காவோட தெற்குப் பக்கம் சவன்னா ஊர்ல ஆரம்பிச்சு நியூ ஆர்லியன்ஸ் வரைக்கும் போற கதை. ஏதோ நோய் பரவி ஊரே வெறி பிடிச்சு அலையுது. நோய் பிடிக்காத நாலு பேர்: கோச்ன்னு ஒரு பள்ளிக்கூட விளையாட்டு ஆசிரியர், டிவி செய்தியில வேலை பார்த்த ரோஷெல், மெக்கானிக் எல்லிஸ், சூதாடி நிக். முன்ன பின்ன தெரியாத நாலு பேர். பாதுகாப்பு அறையிலிருந்து கிளம்பி அடுத்த பாதுகாப்பு அறைக்குப் போய்ச் சேரணும், கடைசியில காரோ படகோ ஹெலிகாப்டரோ பிடிச்சுத் தப்பிக்கணும். அவ்வளவுதான். ஆள் குறைஞ்சா அந்த இடத்துல கணினியே நடத்துற ஆள் வரும்.

இப்போ புதுசா வர்ற தம்பி முதல்ல என்ன பண்றார்னா, துப்பாக்கி கிடைச்சதும் முன்னால ஓடுறார். மத்த சுடுற விளையாட்டெல்லாம் அப்படித்தான் பழக்கியிருக்கு. யார் அதிகமா கொன்னாங்களோ அவங்க பேர் மேல வரும். இதுலயும் யார் எத்தனை சுட்டாங்கன்னு கணக்குக் காட்டத்தான் செய்யுது. அந்தக் கணக்கைப் பார்க்காதீங்க. இந்த விளையாட்டை உண்டாக்கினவங்க ஒரு வேலை செஞ்சு வெச்சிருக்காங்க. ஹண்டர் மேல பாய்ஞ்சு அமுக்கினா உங்களால எழுந்திரிக்க முடியாது. ஸ்மோக்கர் நீள நாக்கால சுத்தி இழுத்துக் கட்டிப்போட்டா முடியாது. ஜாக்கி தோள் மேல ஏறி உட்கார்ந்து உங்களைக் கண்ட பக்கம் ஓட்டிக்கிட்டுப் போகும், சார்ஜர் தூக்கிக்கிட்டுப் போய்த் தரையில அடிச்சுக்கிட்டே இருக்கும். எதுலயிருந்தும் நீங்களா தப்பிக்க முடியாது. கூட இருக்கிறவர் வந்து காப்பாத்தணும். நீங்க எவ்வளவு பெரிய சூரப்புலியா இருந்தாலும் சரி, பக்கத்துல ஆள் இல்லைன்னா செத்தீங்க.

அதனால முதல் பாடம் துப்பாக்கி இல்லை, மவுஸோட வலது பட்டன். அதை அழுத்தினா தள்ளுவீங்க. கூட்டமா வந்து மொய்க்கிறப்ப தள்ளிட்டுச் சுடுங்க. நண்பர் மேல ஹண்டர் இருந்தாலும், ஜாக்கி இருந்தாலும், நாக்கு சுத்தியிருந்தாலும் பக்கத்துல போய் ஒரு தள்ளு போதும், விடுபட்டுடுவார். நிதானமா குறி பார்த்து நண்பர் முதுகுலயே சுடுறதைவிட அதுதான் வேகம். சார்ஜர் மட்டும் தள்ளினா அசையாது, அதைச் சுட்டோ வெட்டியோ கொன்னே ஆகணும். பூமர்னு ஒரு குண்டன் வருவான், கிட்ட வெச்சு சுட்டா வெடிச்சு உங்க மேலயே கொட்டும், கண்ணு தெரியாது, ஊர்க் கூட்டமெல்லாம் உங்களைத் தேடி வரும். தள்ளிவிட்டு, ரெண்டு எட்டு பின்னால வந்து, அப்புறம் சுடுங்க. ஸ்பிட்டர் துப்புற பச்சை அமிலத்துல நின்னுக்கிட்டு யோசிக்காதீங்க, நேரம் ஆக ஆக அதிகமா எரிக்கும், உடனே வெளியே வாங்க.

காது ரொம்ப முக்கியம். ஸ்மோக்கர் இருமும், ஜாக்கி சிரிக்கும், பூமர் வயித்தைக் கலக்குற மாதிரி சத்தம் போடும். பாட்டு போட்டுக்கிட்டு விளையாடுற தம்பிங்களுக்கு இதெல்லாம் கேட்காது. கேட்டதை வாயைத் திறந்து சொல்லுங்க. "ஹண்டர் இருக்கு"ன்னு ஒரு வார்த்தை சொன்னா நாலு பேரும் நிற்பாங்க. யூடியூப்ல வழியைப் பார்த்து மனப்பாடம் பண்ணிட்டு வர்றவங்களுக்கும் ஒண்ணு: இதுக்குள்ள டைரக்டர்னு ஒரு அமைப்பு இருக்கு. நீங்க எப்படி விளையாடுறீங்கன்னு பார்த்து, எங்க கூட்டத்தை விடுறது, எங்க மருந்தை வைக்கிறதுன்னு ஒவ்வொரு தடவையும் மாத்தும். வழி தெரிஞ்சா போதாது.

முதல் கதை டெட் சென்டர். எங்களைக் கேட்டா, இந்த விளையாட்டு என்னன்னு புரியணும்னா அதோட ரெண்டாவது பகுதியை ஆடுங்க. ஒரு துப்பாக்கிக் கடைக்காரர் மேல் மாடியில பூட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கார். வழியை அடைச்சு நிக்கிற டேங்கர் லாரியை வெடிச்சுத் தர்றேன், ஆனா எதிர்க் கடையிலிருந்து எனக்குக் கோலா எடுத்துக்கிட்டு வாங்கன்னு சொல்றார். ஊரே அழியுது, அவருக்குக் கோலா கேட்குது! சரி, கடைக் கதவைத் திறந்தா அலாரம் அடிக்கும், கூட்டம் வரும். கோலாவைத் தூக்கினவரால சுட முடியாது. கையில பாரம், அவ்வளவுதான். மத்த மூணு பேரும் சுத்தி நின்னு வழி விட்டாத்தான் அது போய்ச் சேரும்.

பத்துமலையில காவடி கூட நடந்தவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். காவடி எடுக்கிறவர் தானே கூட்டத்தை விலக்கிக்கிட்டு 272 படி ஏற மாட்டார். முன்னால ஒருத்தர் வழி கேட்பார், பக்கத்துல ஒருத்தர் தண்ணி வெச்சிருப்பார், பின்னால ஒருத்தர் முக்காலியைத் தூக்கிக்கிட்டு வருவார், நின்னா உட்கார வைக்க. பாரம் தூக்கினவர் வேகம்தான் எல்லாருக்கும் வேகம். சாமி காரியத்தையும் கோலாவையும் ஒப்பிடுறீங்களேன்னு கோபப்படாதீங்க. சுத்தி நிக்கிற ஆளோட வேலையைத்தான் சொல்றோம். அதே கதையோட கடைசிப் பகுதியில காருக்கு 13 பெட்ரோல் டின் நிரப்பணும், அங்கயும் டின் தூக்கினவர் சுட முடியாது. நாலு பேரும் நாலு மூலைக்கு ஓடினா ஒரு டின்கூட வந்து சேராது. ரெண்டு பேர் தூக்கட்டும், ரெண்டு பேர் காவலுக்கு.

மருந்துக் கணக்கு நிறைய பேருக்குத் தெரியறதில்லை. முதலுதவிப் பெட்டி, நீங்க இழந்த உயிர்ல 80 சதவீதத்தைத் திருப்பித் தரும். 70ல இருக்கும்போது போட்டா 24 தான் கிடைக்கும். 20ல இருக்கும்போது போட்டா 64 கிடைக்கும். சின்னக் கீறலுக்கெல்லாம் பெட்டியைத் திறக்காதீங்க. 40க்குக் கீழ போனா நொண்ட ஆரம்பிப்பீங்க, அப்போ யோசிங்க. மாத்திரை 50 தரும், ஆனா அது கரைஞ்சுக்கிட்டே இருக்கும், அவசரத்துக்கு மட்டும். ரெண்டு தடவை கீழே விழுந்து எழுந்தவருக்குத் திரை கறுப்பு வெள்ளையா மாறிடும். மூணாவது தடவை விழுந்தா எழ மாட்டார், நேரா சாவுதான். அப்படி இருக்கிறவருக்குத்தான் அடுத்த பெட்டி. அது உங்க பெட்டியா இருந்தாலும் சரி. அடுத்தவருக்குப் போட்டுவிட முடியும், அதுக்குத்தான் அந்த வசதியே வெச்சிருக்காங்க. செத்தவங்க ஏதாவது ஒரு அறைக்குள்ளிருந்து கூப்பிடுவாங்க, கதவைத் திறந்துவிட்டா 50 உயிரோட திரும்பி வருவாங்க. வழியில இல்லையேன்னு தாண்டிப் போகாதீங்க.

அழுகைச் சத்தம் கேட்டா அது விட்ச். டார்ச்சை அணைச்சுட்டு சுத்திப் போங்க, சுடாதீங்க. விளக்கு மின்னிக்கிட்டு நிக்கிற காரைச் சுட்டா அலாரம் அடிச்சு கூட்டம் வரும், அதையும் சுடாதீங்க. டாங்க் வந்தா பெட்ரோல் குண்டு போட்டுட்டு ஆளுக்குக் கொஞ்சம் விலகி ஓடிக்கிட்டே சுடுங்க. ஒரே மூலையில நாலு பேரும் ஒதுங்கினா நாலு பேரையும் அங்கயே முடிச்சிடும். குறுகலான வழியில முன்னால நிக்கிறவர் குனிஞ்சுக்கணும், பின்னால இருக்கிறவர் அவர் தலைக்கு மேல சுடலாம். இதை ஒருத்தர்கூடச் செய்யறதில்லை, அப்புறம் "யார்டா என்னைச் சுட்டது"ன்னு சண்டை.

கஷ்டம் எந்த அளவுல வெச்சு ஆரம்பிக்கலாம்னா, நார்மல். ஈஸியில நண்பரைச் சுட்டாலும் அவருக்கு ஒண்ணும் ஆகாது, அதனால துப்பாக்கி எந்தப் பக்கம் பார்க்குதுன்ற கவனமே வராது. எக்ஸ்பர்ட்ல ஒரு குண்டு தவறிப் பட்டாலே பெரிய அடி. நார்மல்ல லேசா வலிக்கும், பழகிடும்.

இனி பழைய ஆளுங்களுக்கு. உண்மையைச் சொன்னா இந்தப் பதிவு உங்களுக்குத்தான். ரெண்டு வாரத்துக்கு முன்னால புதுசா வந்த ஒரு தம்பியை, கூட விளையாடின மூணு பேர் வோட்டுப் போட்டு பாதியில வெளியே தள்ளியிருக்காங்க. மூணு பேருமே நம்ம பசங்க. ஏன்னு கேட்டா, "ரொம்ப ஸ்லோ அங்கிள், எங்களைச் சுட்டுட்டே இருக்கான்"னாங்க. அவர் அதுக்கப்புறம் விளையாட வரல. வெள்ளிக்கிழமை செருப்பு அடுக்குற இடத்துக்கும் வரல. அந்த இடத்துக்கு ஆள் கிடைக்கிறது எவ்வளவு கஷ்டம்னு தொண்டர்களுக்குத் தெரியும்.

வோட்டு எதுக்கு இருக்கு? வேணும்னே நண்பர் முதுகுல சுடுறவனுக்கு, திட்டுறவனுக்கு, எழுந்து போய்ட்டு அரை மணி நேரம் வராதவனுக்கு. தெரியாதவருக்கு இல்லை. ஸ்லோன்னா என்ன அர்த்தம்? நீங்க முன்னால ஓடிட்டீங்கன்னு அர்த்தம். அவர் தனியா மாட்டினா அது அவர் தப்பு இல்லை, வழி தெரிஞ்ச நீங்க நிக்கலை. ஃபேக்டரி லைன்ல புது ஆள் சேர்ந்த முதல் வாரம் பழைய ஆள் வேகத்துக்கு லைனை ஓட்டினா சரக்கெல்லாம் கீழேதான் கிடக்கும், அப்புறம் புது ஆளை அனுப்பிட்டு இன்னொரு புது ஆளைத் தேடணும். தேடித் தேடிக் கடைசியில பழைய ஆளுங்க மட்டும் மிஞ்சுவாங்க. நம்ம தண்ணீர்ப் பந்தல்ல அது நடக்குதா இல்லையான்னு நீங்களே பாருங்க. தைப்பூசத்துக்கு வந்த புது முகங்கள்ல பங்குனி உத்திரத்துக்கு எத்தனை பேர் நின்னாங்க? "அப்படி இல்லடா, இப்படி ஊத்து"ன்னு பத்து பேர் முன்னால கத்தினா யார் மறுபடியும் வருவாங்க?

நாங்க செய்றது இதுதான், செஞ்சு பாருங்க. புது ஆள் ஒருத்தர் இருந்தா அவர் எப்பவும் ரெண்டாவது இல்லைன்னா மூணாவது. கடைசியில விடாதீங்க, ஸ்மோக்கருக்கு வசதியாப் போயிடும். பழைய ஆள் ஒருத்தர் கடைசியில நடக்கட்டும், அவருக்குச் சுட நிறைய கிடைக்காது, பரவாயில்லை. பாதுகாப்பு அறைக் கதவை, நாலு பேரும் குண்டு நிரப்பி, மருந்து எடுத்து, "சரி"ன்னு சொன்ன பிறகு திறங்க. அடுத்த அறைக்குள்ள முதல்ல போனவர் வாசல்லயே நின்னு கடைசி ஆள் வர்ற வரைக்கும் சுடட்டும். புது ஆள் உங்களைச் சுட்டுட்டா "பார்த்து தம்பி, குனிஞ்சுக்கிறேன்"ன்னு சொல்லுங்க. வேற வார்த்தை வேண்டாம். மைக்ல கெட்ட வார்த்தை வந்தா நாங்க உடனே ஆட்டத்தை நிறுத்திடுவோம், அது எல்லாருக்கும் தெரியும்.

சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு டெட் சென்டர், நார்மல், ரெண்டு குழுவாப் பிரிக்கிறோம். ஒவ்வொரு குழுவுலயும் பழையவர் ரெண்டு, புதியவர் ரெண்டு. யார் எந்தக் குழுன்னு நாங்க போடுறோம், மாத்திக் கேட்காதீங்க. ஹெட்செட் இல்லாதவங்க முன்னாலயே சொல்லுங்க, எங்ககிட்ட பழசு ரெண்டு இருக்கு, ஒண்ணுல இடது காது மட்டும்தான் கேட்கும். சஷ்டி, கார்த்திகை விரத நாள் வந்தா ஆட்டம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குக் கூடத்துல அரிசி இறக்கணும், அதனால பன்னிரண்டு மணிக்கு எல்லாரும் கணினியை அணைச்சுடணும்.