தேர் நின்றது பின்னால் வருபவருக்குத் தெரியுமா?

2024 ஜூன் 21 அன்று திருநெல்வேலி நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தில் வடம் அடுத்தடுத்து அறுந்தது. சுமார் 450 டன் எடையுள்ள அந்தத் தேரை இழுப்பவை மனிதக் கைகள்தான். வடம் அறுந்தால் தேர் நின்றுவிடும். மாற்று வடம் பூட்டும்வரை பிடித்திருந்தவர்களும் நிற்பார்கள். வாகையடி முக்கு வழியாகவும் சந்திப்பிள்ளையார் முக்கு வழியாகவும் வந்துகொண்டிருப்பவர்களுக்கு அது தெரியாது. அவர்கள் நடந்துகொண்டே இருப்பார்கள். முன்னால் நின்றுபோன கூட்டத்தின் மீது பின்னால் நிற்காத கூட்டம் வந்து சேரும்போதுதான் நெரிசல் உண்டாகிறது. ஒரு சதுர மீட்டரில் ஐந்தாறு பேருக்கு மேல் நின்றால், யாரும் தன் விருப்பப்படி ஓர் அடிகூட எடுத்துவைக்க முடியாது.

2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் கூட்ட நெரிசலில் 41 உயிர்கள் போன பிறகு, கைபேசி சிக்னலை வைத்துக் கூட்டத்தைக் கண்காணிக்கலாமே என்ற யோசனையை நிதானமாக எடைபோட வேண்டியிருக்கிறது.

இது இரண்டு வகையில் நடக்கிறது. ஒன்று, செல்போன் டவர். எந்த டவரின் எல்லைக்குள் எத்தனை கைபேசிகள் இருக்கின்றன என்பது தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு ஏறத்தாழத் தெரியும். 2013 பிரயாக்ராஜ் கும்பமேளாவின் ஏர்டெல் பதிவுகளை ஆராய்ச்சியாளர்கள் இப்படித்தான் பின்னர் ஆராய்ந்தார்கள். ஆனால் ஒரு டவர் பல தெருக்களுக்குப் பொது. டவுனில் கூட்டம் கூடுகிறது என்று அது சொல்லும். கீழரத வீதியிலா மேலரத வீதியிலா என்று சொல்வது கடினம்.

இரண்டாவது வைஃபை. வைஃபையை அணைக்காத கைபேசி, பக்கத்தில் இணைப்பு ஏதும் உண்டா என்று அவ்வப்போது சிக்னல் அனுப்பித் தேடும். முக்குக்கு முக்கு ஒரு சிறு கருவியை வைத்தால் அந்தச் சிக்னலை அது பிடித்துக்கொள்ளும். ஒரு கைபேசி முதல் கருவியைக் கடந்து அடுத்ததை எட்ட ஆகும் நேரம் கூடிக்கொண்டே போனால், நடை தளர்ந்து தேக்கம் தொடங்கிவிட்டது என்று பொருள். 2016இல் லண்டன் சுரங்க ரயிலின் 54 நிலையங்களில் நான்கு வாரம் இதைச் சோதித்தார்கள். கிங்ஸ் கிராஸிலிருந்து வாட்டர்லூ போக மக்கள் 18 வெவ்வேறு வழிகளைப் பிடிப்பது அப்போது தெரியவந்தது. டிக்கெட் கணக்கில் தெரியாத தகவல் அது. இன்று அதே சோதனை அவ்வளவு எளிதல்ல. தம்மைப் பின்தொடர முடியாதபடி புதிய கைபேசிகள் வைஃபை சிக்னலில் அனுப்பும் அடையாள எண்ணான மேக் முகவரியை மாற்றிக்கொண்டே இருப்பதால், ஒருவரையே பலராக எண்ணும் பிழை நேர்கிறது.

எனக்குப் பெரிய கவலை வேறு. கருவி எண்ணுவது கைபேசிகளை, ஆட்களை அல்ல. பாப்பாக்குடியிலிருந்தோ முக்கூடலிலிருந்தோ தேர் பார்க்கக் கிளம்பிவரும் ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். பாட்டி, மருமகள், இரண்டு பிள்ளைகள், மகன் என ஐந்து பேர். பல வீடுகளில் கைபேசி மகனின் சட்டைப்பையில் ஒன்றுதான் இருக்கும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தாமே பயன்படுத்தும் கைபேசி இருந்த பெண்கள் இந்திய அளவில் 54 விழுக்காடு. தமிழ்நாட்டில் இது கூடுதல்தான். ஆனாலும் கணக்கில் விடுபடுவது யார் என்பது மாறவில்லை. நெரிசலில் முதலில் மூச்சுத் திணறும் குழந்தைகளும் முதியவர்களும்தான் இந்த எண்ணிக்கையில் இல்லாதவர்கள். குடும்பம் குடும்பமாக வரும் திருவிழாவுக்கும் இளைஞர்கள் திரளும் கட்சிக் கூட்டத்துக்கும் ஒரே கணக்கைப் போட்டால், திருவிழாக் கூட்டம் உண்மையைவிடச் சிறிதாகத்தான் தெரியும். ஆகவே தன்னார்வலர்கள் முக்கில் நின்று, மணிக்கொரு முறை சில நிமிடங்களாவது தலைகளை எண்ணி, கருவியின் கணக்கைச் சரிபார்த்தாக வேண்டும்.

டவர் எப்போதும் துணைநிற்கும் என்றும் நம்ப முடியாது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சிக்கியபோது, தாமிரபரணிக் கரையோரம் பல ஊர்களில் மின்சாரமும் போயிற்று, சிக்னலும் போயிற்று. பேரிடருக்கென்று தனி ஏற்பாடு வேண்டும்.

எண்ணிக்கை கையில் இருந்தும் பயனில்லாமல் போவதுண்டு. 2025 ஜனவரி 29 அன்று பிரயாக்ராஜ் கும்பமேளாவில் கூட்டத்தை எண்ணும் செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள் இருந்தன. இருந்தும் நெரிசலில் முப்பது பேர் இறந்ததாக அன்று அரசே அறிவித்தது. திரையில் சிவப்பு தெரிந்தால் எந்தத் தெருவை அடைப்பது, யார் சொன்னால் அடைப்பது, உள்ளே இருப்பவர்களை எந்த வழியாக வெளியேற்றுவது என்பதெல்லாம் கொடியேற்றத்துக்கு முன்பே எழுதிவைக்கப்பட்டிருக்க வேண்டும். அந்தந்த முக்கில் நிற்கும் காவலர், மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல் தடுப்பை இழுத்துவிடும் அதிகாரம் பெற்றிருக்க வேண்டும்.

கூட்டத்தைக் கணக்கிட யாருடைய பெயரோ கைபேசி எண்ணோ தேவையில்லை. கருவி பிடிக்கும் மேக் முகவரியை அந்த இடத்திலேயே அடையாளம் தெரியாதபடி மாற்றி, எண்ணிக்கையை மட்டும் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்பலாம். யார் எந்தக் கூட்டத்துக்குப் போனார் என்று பின்னாளில் தேடிப்பார்க்க உதவும் பதிவு எதுவும் மிஞ்சக் கூடாது. மாநகராட்சியும் காவல் துறையும் இதைச் சோதித்துப் பார்ப்பதானால், தேர் நிலைக்கு வந்த மறுநாளே பதிவுகள் அழிக்கப்படும் என்ற நிபந்தனை டெண்டரிலேயே இருக்கட்டும். அழித்ததற்கான சான்றும் பொதுமக்கள் பார்வைக்கு வரட்டும்.