மேய்ப்பனை நியமிப்பது யார்?

செஞ்சிப் பக்கத்துக் கிராமங்களில், "வேதத்தில் சேர்ந்த பிறகும் சாதி போகவில்லையே, ஏன்?" என்று கேட்டால், "அது ஜனங்களின் அறியாமை, மதத்தின் குற்றமல்ல" என்று சமாதானம் சொல்லப்படுகிறது. இது வாஸ்தவந்தானா என்று பார்ப்போம்.

மதுரை மிஷன் பாதிரிமார்கள் தங்களுக்குள்ளேயே இரண்டு வகுப்பை உண்டாக்கிக் கொண்டார்கள். மேல்சாதியாருக்குப் பிராமண சன்னியாசி வேடம். மற்றவர்களுக்கு 1640 முதல் பண்டாரசாமி வேடம். 1674-ல் செஞ்சி நாட்டுக்கு வந்த அருளானந்தர் என்னும் ஜான் டி பிரிட்டோ பண்டாரசாமியாகவே வேலை செய்தார். அவருடைய உழைப்பை நாம் குறை கூறவில்லை. ஆனால் குருவிலேயே இரண்டு படித்தரம் வைத்தது படியாத குடியானவனா, படித்த குருமாரா?

புரோட்டஸ்டண்டுகளாவது மேலா? தரங்கம்பாடியில் 1733-ல் வேளாளரான ஆரோன் குருவாக்கப்பட்டார். பட்டாளத்தில் இருந்து வந்து உபதேசியாராக உழைத்த இராஜநாயக்கனுக்கோ, அவர் பறையர் என்பதற்காகப் பட்டம் மறுக்கப்பட்டது. 1741-ல் வேறொருவருக்கு அது கிடைத்தது. மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் அவர் கையால் நற்கருணை வாங்கமாட்டார்களாம்! அப்படியானால் சபையை நடத்தியது யார்? ஏசுவா, சாதியா?

நிற்க, ஐரோப்பாவில் 1525-ல் ஜூரிச் நகரில் ஒரு சிறு கூட்டம் கிளம்பிற்று. 1536-ல் குருப் பட்டத்தை உதறிவிட்டு வந்த மென்னோ சைமன்ஸின் பேரால் இவ்வழியில் வந்தவர்கள் பிற்பாடு மென்னோனைட்டுகள் எனப்பட்டார்கள். 1527-ல் ஷ்லைட்ஹைம் என்ற ஊரில் இக்கூட்டத்தார் ஏழு தீர்மானங்கள் செய்தார்கள். மேய்ப்பன் வெளியாரிடத்திலும் நற்பெயர் உள்ளவனாயிருக்க வேண்டும். அவனைச் சபையே போஷிக்க வேண்டும். குற்றம் செய்தால் சாட்சி வைத்துக் கண்டிக்க வேண்டும். அவன் துரத்தப்பட்டாலோ கொல்லப்பட்டாலோ அந்த நாழிகையிலேயே வேறொருவனை ஏற்படுத்த வேண்டும் என்பது ஐந்தாவது தீர்மானம். இதில் முன்னின்ற மைக்கேல் சாட்லர் அதே ஆண்டு மே மாதம் எரிக்கப்பட்டார். பின்னாளில் இவர்களுடைய பல சபைகளில் சபையார் பேர் சொல்ல, அப்பேர்களில் சீட்டுப் போட்டுப் போதகனை எடுத்தார்கள். நேற்று ஏர் பிடித்தவன் இன்று போதகன், சம்பளமும் கிடையாது.

இவர்கள் மதத்தை நாம் சிபாரிசு செய்யவில்லை. உபத்திரவத்தில் பெண்களும் உயிரைக் கொடுத்தார்கள். போதகர் பதவியோ நெடுங்காலம் ஆண்களுக்கே. கட்டுப்பாடு மீறியவனைத் தள்ளிவைக்கும் கொடுமையும் அங்கே உண்டு. ஆனால் தலைவன் சபைக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவன் என்ற ஒரு நீதியை ஒப்புக்கொண்டார்களல்லவா?

நம் ஜில்லாவில் நடப்பதென்ன? 2008 மார்ச்சில் இறையூரில் சர்ச் விஷயமாகச் சாதிக் கலகம் மூண்டு, துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டார்கள். 2022-ல் புதுவை-கடலூர் பேராயர் நியமனத்தின்போது, தங்களில் ஒருவர் ஏன் வரக்கூடாது என்று தலித் கிறிஸ்தவர்கள் கேட்டார்கள். நியமனமோ ரோமாபுரியிலிருந்து வருகிறது; காணிக்கை செலுத்துகிறவனுக்கு ஓட்டு இல்லை!

இந்துக்கள் இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். கர்ப்பக்கிரகத்துக்குள் எல்லாச் சாதியாரும் போக 1970-ல் சட்டம் செய்தும், பயிற்சி பெற்றவர்கள் பலர் அர்ச்சகராக 2021 ஆகஸ்டு வரை காத்திருந்தார்கள்.

"ஜனங்களிடம் விட்டால் தகுதியற்றவனைத் தேர்ந்துவிடுவார்கள்" என்பார்கள். தேர்ந்தவனை நீக்கவும் அவர்களால் முடியும். மேலிருந்து இறக்கப்பட்டவனை யார் நீக்குவது?

ஆகவே தோழர்களே, கோயிலானாலும், சர்ச்சானாலும், மடமானாலும் இரண்டே கேள்வி கேளுங்கள்: "உன்னை நியமித்தது யார்? கணக்கை யாரிடம் காட்டுகிறாய்?" பதில் வரும்வரை காணிக்கைக் காசு உங்கள் மடியிலேயே இருக்கட்டும்.