ஒரு பல்லுக்காக ஓர் உயிர்!

அந்தப் பையனுக்கு வயது 12. அமெரிக்காவில், மேரிலாந்து மாநிலத்தில் வசித்தவன். ஏழைத் தாயின் மகன்.

2007-ம் ஆண்டு தொடக்கத்தில் ஒரு நாள், தலை வலிக்கிறது என்று சொன்னான். காரணம் பிறகுதான் தெரிந்தது. அவனுடைய பல் ஒன்று சொத்தையாகிச் சீழ் பிடித்திருந்தது. பல்லில் இருந்த கிருமிகள் மூளைவரை போய்விட்டன.

டாக்டர்கள் இரண்டு முறை ஆபரேஷன் செய்தார்கள். பல வாரங்கள் ஆஸ்பத்திரியில் வைத்துப் போராடினார்கள். பலன் இல்லை. பிப்ரவரி மாதம் 25-ந் தேதி பையன் இறந்து போனான்.

அந்தப் பல்லை முன்பே பிடுங்கியிருந்தால் 80 டாலர்தான் செலவு. ஆஸ்பத்திரிச் செலவோ ஏறக்குறைய 2½ லட்சம் டாலர்! அந்தப் பணத்தைக் கொண்டு 3 ஆயிரம் குழந்தைகளுக்குப் பல் பிடுங்கியிருக்கலாம்.

ஏன் முன்பே பிடுங்கவில்லை?

ஏழைகளின் வைத்தியச் செலவைக் கொடுக்கும் சர்க்கார் திட்டம் அந்த மாநிலத்தில் இருந்தது. ஆனால் அந்தத் திட்டத்தில் பல் வைத்தியம் பார்க்க ஒத்துக்கொள்ளும் டாக்டர்கள் குறைவு. அந்தக் குடும்பத்தின் இன்சூரன்சும் இடையில் அறுந்து போயிருந்தது. நிலையான வீடு இல்லாமல் அலைந்த குடும்பம் அது.

பணக்கார நாடு என்று பெயர். அங்கே ஒரு சொத்தைப் பல்லுக்கு ஒரு சிறுவன் பலியானான்!

இரண்டும் கெட்டான் நிலை

அமெரிக்காவில் டாக்டரைப் பார்ப்பது என்றால் சாமானியக் காரியம் அல்ல. செலவு மிக அதிகம். கைப்பணத்தைக் கொடுத்து வைத்தியம் செய்துகொள்ளச் சாதாரணக் குடும்பத்தால் முடியாது. ஆகவே, இன்சூரன்ஸ் வேண்டும்.

பெரிய கம்பெனியில் வேலை பார்ப்பவருக்குக் கவலை இல்லை. கம்பெனியே இன்சூரன்சுக்குப் பெரும் பகுதியைக் கட்டுகிறது. 65 வயது ஆனவர்களுக்குச் சர்க்கார் இன்சூரன்ஸ் உண்டு. அதற்கு மெடிக்கேர் என்று பெயர். பரம ஏழைகளுக்கு மெடிக்கெய்டு என்ற திட்டம் உண்டு. இந்த இரண்டு திட்டங்களும் 1965-ம் ஆண்டில், ஜான்சன் ஜனாதிபதியாக இருந்தபோது வந்தவை.

நடுவில் ஒரு கூட்டம் சிக்கிக்கொண்டது. தகப்பன் சின்னக் கடையில் சிப்பந்தி. தாய் ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறாள். இருவரும் உழைக்கிறார்கள். முதலாளி இன்சூரன்ஸ் கொடுப்பதில்லை. சொந்தமாக வாங்கப் பணம் போதாது. சர்க்கார் உதவி கேட்டால், "உங்கள் வருமானம் கொஞ்சம் அதிகம்" என்று பதில் வரும்!

இப்படி இரண்டும் கெட்டான் நிலையில் இருந்த குடும்பங்கள் ஏராளம். 1997-ம் ஆண்டில், இன்சூரன்ஸ் இல்லாத குழந்தைகள் மட்டும் சுமார் 1 கோடி பேர்.

எதிரிகள் கைகோத்தார்கள்

அப்போது இரண்டு செனட்டர்கள் கை கோத்தார்கள்.

ஒருவர் எட்வர்டு கென்னடி. ஜனநாயகக் கட்சிக்காரர். இன்னொருவர் ஆரின் ஹாட்ச். குடியரசுக் கட்சிக்காரர். அரசியலில் இருவரும் எதிர் எதிர் துருவம். ஆனாலும், குழந்தைகள் விஷயத்தில் ஒன்று சேர்ந்தார்கள்.

"பணத்துக்கு எங்கே போவது?" என்ற கேள்வி வந்தது. "சிகரெட் வரியை உயர்த்தலாம்" என்று யோசனை சொன்னார்கள். நுரையீரலைக் கெடுக்கும் புகையில் இருந்து பணம் எடுத்து, குழந்தையின் நுரையீரலுக்கு மருந்து வாங்குவது. நல்ல யோசனைதானே!

1997-ம் ஆண்டு ஆகஸ்டு 5-ந் தேதி, ஜனாதிபதி கிளிண்டன் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். "சிப்" என்று சுருக்கமாக அழைக்கப்படும் குழந்தைகள் இன்சூரன்ஸ் திட்டம் பிறந்தது.

திட்டம் எளிமையானது. மெடிக்கெய்டு கிடைக்காத, ஆனால் சொந்தமாக இன்சூரன்ஸ் வாங்கவும் முடியாத குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இது. மத்திய சர்க்காரும் மாநில சர்க்காரும் செலவைப் பகிர்ந்துகொள்கின்றன. 100 டாலர் செலவானால் குறைந்தது 65 டாலரை மத்திய சர்க்கார் கொடுக்கவேண்டும் என்று ஏற்பாடு. தடுப்பூசி, காய்ச்சல், காது வலி, ஆபரேஷன், கண்ணாடி என்று பிள்ளைக்குத் தேவையானவை கிடைக்கும்.

பலன் என்ன? 1997-ல் 100 குழந்தைகளில் ஏறக்குறைய 14 பேருக்கு இன்சூரன்ஸ் இல்லை. 2016-ல் அது 5 ஆகக் குறைந்தது. அந்த இடைக்காலத்தில் வேறு சட்டங்களும் வந்தன என்பது உண்மை. ஆனாலும், சிப் திட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

புஷ் சொன்ன "முடியாது"

இந்தத் திட்டத்தைப் பெரிதாக்க 2007-ம் ஆண்டில் ஒரு மசோதா வந்தது. ஐந்து ஆண்டில் கூடுதலாக 3,500 கோடி டாலர் செலவழிக்க அது வழி செய்தது. இரு கட்சியினரும் ஆதரித்தார்கள்.

ஜனாதிபதி புஷ் கையெழுத்துப் போட மறுத்தார். அக்டோபர் 3-ந் தேதி மசோதாவைத் திருப்பி அனுப்பினார். ஜனாதிபதியின் மறுப்பைத் தள்ளிவிட மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். பிரதிநிதிகள் சபையில் 273 பேர் மசோதாவை ஆதரித்தார்கள். 156 பேர் எதிர்த்தார்கள். 13 ஓட்டுக் குறைவு! மசோதா தோற்றது. டிசம்பர் மாதம் திருத்திய மசோதா வந்தது. அதையும் அவர் திருப்பி அனுப்பினார்.

அவர் சொன்ன காரணத்தையும் கேட்கவேண்டும். "நடுத்தரக் குடும்பத்தினர் தனியார் இன்சூரன்சை விட்டுவிட்டு, சர்க்கார் இன்சூரன்சுக்கு வந்துவிடுவார்கள்" என்பது அவர் வாதம். இதில் ஓரளவு உண்மை உண்டு. அப்படிச் சிலர் மாறத்தான் செய்வார்கள்.

ஆனால், நாலு பேர் இலவசமாகச் சாப்பிட்டுவிடுவார்கள் என்று பயந்து, பந்தியையே நிறுத்தலாமா? பசித்தவன் என்ன செய்வான்? அதிலும் இங்கே காத்திருப்பது குழந்தை. காது வலியால் இரவெல்லாம் அழும் குழந்தைக்குத் தனியார் இன்சூரன்சும் தெரியாது, சர்க்கார் இன்சூரன்சும் தெரியாது.

2009-ம் ஆண்டு பிப்ரவரி 4-ந் தேதி, புதிதாகப் பதவி ஏற்ற ஜனாதிபதி ஒபாமா விரிவான சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். ஏற்கனவே இருந்த 70 லட்சம் குழந்தைகளோடு மேலும் 40 லட்சம் குழந்தைகளுக்கு இடம் கிடைக்கும் என்று சொல்லப்பட்டது. சிகரெட் பாக்கெட்டுக்கு 39 சென்டாக இருந்த மத்திய வரி, 1 டாலருக்குச் சற்று மேல் உயர்ந்தது.

அந்தச் சட்டத்தில் இன்னொரு விஷயமும் சேர்ந்தது. சிப் திட்டத்தில் பல் வைத்தியமும் கட்டாயம் இருக்கவேண்டும் என்பதே அது. மேரிலாந்துப் பையன் இறந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு!

கிழவருக்கு ஒரு நீதி, குழந்தைக்கு ஒரு நீதி

வயதானவர்களுக்கான மெடிக்கேர் திட்டத்துக்குக் கெடு கிடையாது. அது பாட்டுக்கு நடக்கும். குழந்தைகள் திட்டத்துக்கு மட்டும் கெடு உண்டு. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை, "பணம் கொடுங்கள்" என்று சபையின் வாசலில் நிற்கவேண்டும்.

2017-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதி கெடு முடிந்தது. சபையினர் வேறு சண்டைகளில் இருந்தார்கள். நாள் ஓடியது. மாநிலங்களின் கையில் இருந்த பணம் கரைந்தது. "திட்டம் நின்றுபோகலாம்" என்று கொலராடோ போன்ற மாநிலங்கள் பெற்றோருக்குக் கடிதம் அனுப்பின. ஆஸ்துமாக் குழந்தையை வைத்திருந்த தாய்க்கு அந்தக் கடிதம் எப்படி இருந்திருக்கும்?

2018 ஜனவரி 22-ந் தேதிதான் ஆறு ஆண்டுக்குப் பணம் ஒதுக்கினார்கள். அடுத்த மாதம் அதை 2027 வரை நீட்டினார்கள்.

கிழவருக்குக் கெடு இல்லை. குழந்தைக்குக் கெடு. காரணம் என்ன? கிழவருக்கு ஓட்டு உண்டு. குழந்தைக்கு ஓட்டு இல்லை!

காகிதம் செய்யும் கொடுமை

கெடுவைவிட மோசமானது காகிதம்.

இன்சூரன்ஸ் இல்லாத குழந்தைகளில் பாதிப்பேருக்கு மேல், இப்போது உள்ள சட்டப்படியே சர்க்கார் இன்சூரன்ஸ் பெறத் தகுதி உள்ளவர்கள். ஆனால் பதிவு ஆகவில்லை. சிலருக்குத் திட்டம் இருப்பதே தெரியாது. சிலருக்குப் படிவம் புரியாது. வீடு மாறியவருக்குக் கடிதம் போய்ச் சேராது. பதில் வராவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள்.

கொரோனாக் காலத்தில் யார் பெயரையும் அடிக்கக்கூடாது என்று உத்தரவு இருந்தது. 2023 மார்ச் 31-ந் தேதியோடு அது முடிந்தது. மாநிலங்கள் எல்லோரையும் மறுபடியும் சோதித்தன. குழந்தைகளும் பெரியவர்களுமாகக் கோடிக்கு மேற்பட்டவர்கள் மெடிக்கெய்டை இழந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் வருமானம் உயர்ந்ததால் நீக்கப்படவில்லை. காகிதம் சரியாக வரவில்லை என்பதால் நீக்கப்பட்டார்கள்.

ஒரு நல்ல காரியமும் நடந்தது. 2024 ஜனவரி 1-ந் தேதி முதல், ஒரு குழந்தையைச் சேர்த்தால் 12 மாதத்துக்கு நீக்கக்கூடாது என்று நாடு முழுவதும் சட்டம் வந்தது. ஓரிகன் மாநிலம் இதற்கும் மேலே போயிற்று. குழந்தைக்கு 6 வயது ஆகும்வரை பெயரை நீக்குவதில்லை என்ற ஏற்பாட்டை 2023-ல் தொடங்கிற்று.

ஆனால், 2025-ம் ஆண்டு ஜூலை 4-ந் தேதி ஜனாதிபதி டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம், பத்து ஆண்டில் மெடிக்கெய்டு செலவைச் சுமார் 1 லட்சம் கோடி டாலர் அளவுக்கு வெட்டுகிறது. பெரியவர்கள்மீதுதான் நிபந்தனை என்கிறார்கள். தாயின் இன்சூரன்ஸ் போனால் குழந்தையின் இன்சூரன்சும் கூடவே நழுவுவது வழக்கம். இதை மறக்கக்கூடாது.

செலவா, முதலீடா?

"இவ்வளவு பணத்துக்கு நாடு தாங்குமா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான்.

ஹார்வர்டு பல்கலைக்கழகப் பொருளாதார நிபுணர்கள் ஹெண்ட்ரன், ஸ்பிரங்-கீசர் என்ற இருவர் இதை ஆராய்ந்தார்கள். அமெரிக்க சர்க்காரின் 133 திட்டங்களை எடுத்துக் கணக்குப் பார்த்தார்கள். முடிவு 2020-ல் வெளிவந்தது. ஏழைக் குழந்தைகளின் உடல் நலத்துக்கும் படிப்புக்கும் செய்த செலவு, பல திட்டங்களில் தானாகவே திரும்பி வந்துவிடுகிறது என்று கண்டார்கள்.

எப்படி? ஆரோக்கியமான குழந்தை ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறது. வளர்ந்து நன்றாகச் சம்பாதிக்கிறது. வரி கட்டுகிறது. ஆஸ்பத்திரியில் படுப்பது குறைகிறது. நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றியவன், அறுவடையில் அதைத் திரும்பப் பெறுகிறான்.

செய்யவேண்டியவை மூன்று

ஒன்று: குழந்தை பிறந்த ஆஸ்பத்திரியிலேயே பெயரைப் பதிவு செய்யவேண்டும். ஓரிகன் காட்டிய வழியில், 6 வயது வரை அதை நீக்கக்கூடாது.

இரண்டு: வருமானக் கணக்கு ஏற்கனவே சர்க்காரிடம் இருக்கிறது. அதைப் பார்த்து அதிகாரிகளே புதுப்பிக்கவேண்டும். வீடு மாறி அலையும் தாயிடம் படிவம் கேட்டு நிற்கக்கூடாது.

மூன்று: சிப் திட்டத்தின் கெடுவை எடுத்துவிடவேண்டும். கிழவர்களுக்கு இருப்பதுபோல, குழந்தைகளுக்கும் அது நிரந்தரமாக இருக்கவேண்டும்.

டெக்சாஸ் மாநிலத்தில் இன்றும் 10 குழந்தைகளில் ஒருவருக்கு மேல் இன்சூரன்ஸ் இல்லை. மாசசூசெட்சில் அப்படிப்பட்டவர்கள் மிகச் சிலரே. இரண்டும் ஒரே நாடு. ஒரே பணம். ஆகவே, முடியாத காரியம் அல்ல. மனம் வேண்டும்.

மேரிலாந்துப் பையன் உயிரோடு இருந்தால் இன்று 30 வயதைத் தாண்டியிருப்பான். உழைத்திருப்பான். வரி கட்டியிருப்பான். அவன் கட்டியிருக்கக்கூடிய வரியில் எத்தனை 80 டாலர் இருந்திருக்கும்!